யூரர்கள் இடத்தைப் போய்ப் பார்க்கட்டும்

(மட்டக்களப்பில் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு ஆற்றிய உரையிலிருந்து)

பிள்ளைகளே, ஒரு கொலை வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வாவிக்கரையில் நின்ற சாட்சி, எதிர்க்கரையில் தோணியை விட்டு இறங்கி ஓடியவரை நிலவு வெளிச்சத்தில் அடையாளம் கண்டதாகச் சொல்கிறார். பொலிசார் வரைந்த படத்தில் அந்தத் தூரம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. அதைப் பார்த்து யூரர்கள், அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லத் தெரிவான பொதுமக்கள், ஒரு மனிதனின் தலைவிதியை முடிவு செய்யலாமா? கரையில் போய் நின்றால்தான் அங்கே நிற்பவரின் முகம் தெரியுமா, வெறும் சட்டைதான் தெரியுமா, நடுவில் கண்டல் மரங்கள் மறைக்குமா என்பது விளங்கும்.

நம் நாட்டில் யூரர் முறை 1811இல் வந்தது. இன்று 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி யூரர்கள் ஏழு பேர். தீர்ப்புக்குக் குறைந்தது ஐந்து பேர் ஒத்துப்போக வேண்டும். தேவையென்று நீதிபதி கருதினால் அவர்களைச் சம்பவ இடத்துக்கு அனுப்பலாம். எல்லோரும் ஒன்றாகத்தான் போக வேண்டும், பொறுப்பான அலுவலர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், வெளியாள் யாரும் அவர்களோடு பேசக் கூடாது.

இந்தக் கட்டுப்பாடு ஏன் என்று கேட்பீர்கள். பிரித்தானிய கயானாவில் ஒரு வழக்கு. யூரர்கள் இடத்தைப் பார்க்கப் போனார்கள். சாட்சிகளும் போய், யார் எங்கே நின்றார்கள் என்று அங்கேயே நடித்துக் காட்டினார்கள். நீதிபதி மட்டும் போகவில்லை. 1957இல் லண்டனில் இருந்த மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அந்தத் தண்டனையை ரத்துச் செய்தது. சாட்சி கையை நீட்டி இடத்தைக் காட்டுவதும் சாட்சியம்தான். நீதிபதி இல்லாத இடத்தில் அது நடக்கவே கூடாது. அந்தக் காலத்தில் இலங்கைக்கும் பிரிவி கவுன்சில்தான் கடைசி மேன்முறையீட்டு மன்றம் என்பதையும் ஞாபகம் வைத்திருங்கள்.

அப்புறம், காலதாமதம். இதுதான் எனக்குப் பெரிய கவலை. வழக்கு மேல் நீதிமன்றத்துக்கு வந்து விசாரணை தொடங்கப் பல வருடங்கள் போய்விடும். அதற்குள் கிடுகு வேலி இருந்த இடத்தில் மதில் எழும்பியிருக்கும், இருட்டாகக் கிடந்த ஒழுங்கையில் தெருவிளக்கு எரியும். 2004 சுனாமி நம் கரையோரத்தில் ஊர்களையே துடைத்துக்கொண்டு போனதே! இன்று அங்கே யூரர்களைக் கூட்டிப்போனால், சம்பவம் நடந்த இடமா அவர்கள் கண்ணில் படும்?

ஆகவே நீங்கள் எதிரிக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, நின்றாலும் சரி, அரச தரப்பில் நின்றாலும் சரி, முதல் வாரத்திலேயே அந்த இடத்துக்குப் போங்கள். அளவெடுங்கள், படமெடுங்கள், எந்த நேரத்தில் எடுத்தது என்று குறித்துவையுங்கள். வழக்கு வந்ததும் இடம் பார்க்க அனுமதி கேளுங்கள். சம்பவம் இரவில் நடந்ததென்றால், இரவிலேயே பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.