பிரான்ஸில் மக்கனா போடலாமா? சட்டம் ஒரு பக்கம், சனங்களின் பார்வை ஒரு பக்கம்

(சந்தேகங்களுக்கு விளக்கம் பகுதியில் வந்த கேள்வியும் அதற்குச் சொன்ன பதிலும், பேச்சு நடையிலேயே எழுதப்பட்டது.)

கேள்வி: என் மகள் பாரிஸ்ல மாஸ்டர்ஸ் படிக்கப் போறா. மக்கனா போடுவா, அதாவது தலையைத் துணியால மூடுவா, முகம் மூட மாட்டா. "ஐரோப்பா முழுக்க புர்காவுக்குத் தடை, ரோட்டுல நிறுத்தி ஃபைன் போடுறாங்க"ன்னு குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல வந்துக்கிட்டே இருக்கு. உண்மையா? வெள்ளைக்காரங்க எல்லாருமே இதை வெறுக்கிறாங்களா?

பதில்: உங்க குரூப்ல வர்ற செய்தி முழுப் பொய் இல்லம்மா. ஆனா ஒரு சொல்லு மாறிப் போச்சு, அதனால உங்களுக்குப் பயம் வந்திருக்கு. நம்ம ஊர்ல புர்கான்னா என்ன? மேல போடுற கறுப்பு அங்கி. முகம் திறந்திருந்தாலும் அது புர்காதான், பர்தாதான். ஐரோப்பாச் செய்தியில "புர்கா தடை"ன்னா அது முகத்தை மூடுற துணிக்கு மட்டும். கண்ணு மட்டும் தெரியிற நிகாபும் அதுல அடக்கம். அங்கியைப் பத்தின பேச்சே அதுல இல்ல. அந்தத் தலைப்பை அப்படியே தமிழ்ல போட்டா, நாகூர்ல இருக்கிற அம்மாவுக்கு, மக போட்டிருக்கிற உடுப்புக்கே தடைன்னுதான் கேக்கும். பிரெஞ்சுக்காரங்களுக்கும் இதே குழப்பம் உண்டு. அவங்க தலைத்துணியையும் "வுவால்"னுதான் சொல்றாங்க, முகத்திரையையும் "முழு வுவால்"னு சொல்றாங்க. டிவி விவாதத்துல அந்த "முழு"வை விட்டுட்டுப் பேசுவாங்க.

அதனால தடைன்னு யார் சொன்னாலும் நாலு கேள்வி கேளுங்க. எந்தத் துணி? எந்த நாடு? எந்த இடம்? அந்தப் பொண்ணு அங்க யாரா நிக்கிறா, மாணவியாவா, வேலை பாக்குறவளாவா, சும்மா வந்து போறவளாவா? கடைசிக் கேள்விதான் பிரான்ஸ்ல எல்லாத்தையும் தீர்மானிக்குது. அதைத்தான் யாரும் கேக்கிறதில்ல.

ரோட்டுல இருந்து ஆரம்பிப்போம். பிரான்ஸ்ல 2010 அக்டோபர் 11-ம் தேதி ஒரு சட்டம் வந்துச்சு, 2011 ஏப்ரல் 11-ல இருந்து அமல். அதுல இஸ்லாம்ங்கிற சொல்லும் இல்ல, பெண்ங்கிற சொல்லும் இல்ல. "பொது இடத்தில் முகத்தை மறைக்கும் நோக்கமுள்ள உடையை யாரும் அணியக் கூடாது", அவ்வளவுதான். மீறினா 150 யூரோ வரைக்கும் அபராதம், இல்லன்னா குடியுரிமை வகுப்பு, ரெண்டும் சேர்த்தும் போடலாம். ஒரு பெண்ணை மிரட்டி முகம் மூட வெச்சவருக்கு ஒரு வருஷம் சிறை, 30,000 யூரோ அபராதம். அந்தப் பெண் மைனரா இருந்தா ரெண்டும் இரட்டிப்பு. தலையை மட்டும் மூடினவங்களை இந்தச் சட்டம் தொடவே தொடாது. உங்க மக மக்கனாவோட மெட்ரோவுல போகலாம், கடைக்குப் போகலாம், அரசு அலுவலக கவுண்டர்ல நிக்கலாம். கறுப்பு அங்கி போட்டும் தெருவுல நடக்கலாம்.

இந்தச் சட்டம் கொண்டு வந்தப்போ நாடு முழுக்க முகம் மூடின பெண்கள் ஏறத்தாழ 1,900 பேர்னுதான் உள்துறை அமைச்சகமே கணக்கு சொல்லிச்சு. ஆறு கோடிக்கு மேல சனம் உள்ள நாடு. செனட்ல ஆதரவா 246 ஓட்டு, எதிர்ப்பு ஒண்ணே ஒண்ணு. 1,900 பேருக்காக ஒரு நாடு மாசக் கணக்குல விவாதம் பண்ணிச்சுன்னா, அந்த விவாதம் அந்த 1,900 பேரைப் பத்தினது மட்டும் இல்லன்னு புரிஞ்சுக்கலாம். சட்டம் எழுதினது முகம் மூடினவங்களுக்கு. ஆனா அந்தப் பேச்சோட சூடு போய்ச் சேந்தது தலை மூடினவங்க மேல, ஏன்னா தெருவுல கண்ணுல படுறது அவங்கதான். பல வருஷமா இதுதான் நடக்குது.

அடுத்தது பள்ளிக்கூடம். 1989-ல பாரிஸுக்கு வடக்கே கிரேய்ங்கிற ஊர்ல, தலைத்துணியை எடுக்க மாட்டோம்னு சொன்ன மூணு மாணவிகளைப் பள்ளியில இருந்து விலக்கினாங்க. அங்க ஆரம்பிச்ச சண்டை 15 வருஷம் ஓடி, 2004 மார்ச் 15-ம் தேதி சட்டத்துல போய் நின்னுச்சு. அரசுப் பள்ளியில மாணவர்கள் "பளிச்சுனு தெரியிற" மதச் சின்னம் அணியக் கூடாது. யூதர்களோட தொப்பி, சீக்கியர் தலைப்பாகை, பெரிய சிலுவை எல்லாமே இதுல வரும். 2023-ல அப்போ கல்வி அமைச்சரா இருந்த கப்ரியேல் அத்தால் அபாயாவையும், அதாவது உடம்பை மூடுற நீளமான அங்கியையும், இந்தத் தடைக்குள்ள சேர்த்தார். பள்ளி திறந்த அன்னிக்கு 298 பேர் அபாயாவோட வந்தாங்க, அதுல 67 பேர் மாத்த மறுத்து வீட்டுக்குத் திரும்பினாங்கன்னு அவரே கணக்கு சொன்னார். எது அபாயா, எது நீளமான கவுன்னு வாசல்ல நின்னு எப்படிப் பிரிப்பீங்க? அந்தக் கேள்விக்கு இன்னிக்கு வரைக்கும் ஒழுங்கான பதில் இல்ல. ஒரே மாதிரி நீளப் பாவாடை, போடுற பிள்ளையோட பேரைப் பார்த்து வேற வேற ஆகிடுதுன்னு அங்கேயே பலர் எழுதினாங்க. எனக்கும் அது நியாயமான குற்றச்சாட்டாத்தான் படுது.

பல்கலைக்கழகத்துக்கு 2004 சட்டம் கிடையாது. உங்க மக வகுப்புல மக்கனாவோட உக்காரலாம். இங்க ஒரு பொறி இருக்கு, கவனிங்க. பிளஸ் டூ முடிச்சு சேர்ற சில படிப்புகள், பே-தே-எஸ்னு ரெண்டு வருஷ டிப்ளமோ, பொறியியல் நுழைவுத் தேர்வுக்கான ஆயத்த வகுப்பு, இதெல்லாம் அரசு லீசே, அதாவது மேல்நிலைப் பள்ளிக் கட்டடத்துக்குள்ள நடக்கும். வயசு 19 ஆனாலும் அங்க பள்ளிச் சட்டம்தான். ஏஜென்ட்டுங்க "காலேஜ்"னு சொல்லி அட்மிஷன் வாங்கிக் குடுப்பாங்க. போய்ப் பாத்தா வாசல்ல தலைத்துணியைக் கழட்டச் சொல்வாங்க. அட்மிஷன் கடிதத்துல யூனிவர்சித்தேன்னு போட்டிருக்கா, லீசேன்னு போட்டிருக்கான்னு பாருங்க.

மாஸ்டர்ஸ்ல வேற ரெண்டு விஷயம். தேர்வுக்கூடத்துல இயர்போன் இருக்கான்னு பாக்கக் காதைக் காட்டச் சொல்லலாம். அதனால முதல் நாளே கண்காணிப்பாளர்கிட்ட, ஒரு பெண் அலுவலர் தனியா பாக்க முடியுமான்னு கேட்டு வெக்கிறது நல்லது. ஆய்வகத்துல தொங்குற துணி நெருப்புலயும் இயந்திரத்துலயும் மாட்டும். அது மதப் பிரச்சினை இல்ல, பாதுகாப்பு விதி. தலையோட ஒட்டி நிக்கிற பருத்தித் துணியா, முனையைக் கோட்டுக்குள்ள சொருகிக்கிட்டாப் போதும்.

மாஸ்டர்ஸ் முடிச்சு பிஎச்.டி சேர்ந்தா நிலைமை மாறும். அங்க சம்பளத்தோட வர்ற ஆய்வு ஒப்பந்தத்துல அரசுப் பல்கலைக்கழகத்துல சேர்ந்தா அவ அரசு ஊழியர். அரசு ஊழியர் எந்த மதச் சின்னமும் அணியக் கூடாது. நேத்து வரைக்கும் அதே கட்டடத்துல மக்கனாவோட படிச்சவ, ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்ட அன்னிக்குக் கழட்டணும். அரசு ஆஸ்பத்திரியில பயிற்சிக்குப் போற மருத்துவ, நர்சிங் மாணவிகளுக்கும் இதேதான். பாதி வழியில இது தெரிய வந்து படிப்பை மாத்தினவங்க உண்டு.

இதோட வேர் 1905-ம் வருஷச் சட்டம், அரசையும் தேவாலயத்தையும் பிரிச்ச சட்டம். அந்தக் கொள்கையை, அதாவது மதச்சார்பின்மையை, அவங்க லாயிசித்தேன்னு சொல்வாங்க. அதுல நடுநிலையா இருக்க வேண்டியது அரசு, அதாவது கவுண்டருக்கு உள்ள உக்காந்திருக்கிறவர். வெளிய நிக்கிற சனத்துக்கு அந்தக் கடமை கிடையாது. ஆனா சாதாரண பிரெஞ்சுக்காரர் பலபேர் இதைத் தலைகீழாப் புரிஞ்சு வெச்சிருக்காங்க. பொது இடத்துக்கு வந்தா எல்லாருமே மதத்தை வீட்டுல விட்டுட்டு வரணும்னு நினைக்கிறாங்க. பஸ்ல "இங்க லாயிசித்தே, அதைக் கழட்டு"ன்னு ஒரு கிழவர் சொன்னா, அவர் சட்டம் பேசுறதா நினைச்சுக்கிட்டுச் சொல்றார். சட்டத்துல அப்படி ஒண்ணும் இல்ல.

இன்னொரு வேரும் உண்டு, அது பிரான்ஸோட ஆட்சியில இருந்த அல்ஜீரியா. 1958 மே மாசம், சுதந்திரப் போர் நடந்துக்கிட்டிருந்த நேரம், அல்ஜியர்ஸ்ல பிரெஞ்சுத் தரப்பு பொதுக்கூட்டம் போட்டு முஸ்லிம் பெண்களை மேடையேத்தித் திரையைக் கழட்ட வெச்சாங்க. திரையை எடுத்தா விடுதலைன்னு காட்டத்தான் அந்த ஏற்பாடு. பெண்ணியம் பேசுற சிலர் இன்னிக்கும் "உன்னைக் காப்பாத்துறோம்"ங்கிற தொனியில பேசுறப்போ, வட ஆப்பிரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஏன் எரியுதுன்னா இந்தப் பழைய நினைப்புதான். அதே சமயம் இன்னொண்ணையும் ஒத்துக்கணும். அண்ணன் மிரட்டி, அப்பா அடிச்சுத் தலையை மூட வெச்ச பிள்ளைகளும் பிரெஞ்சு நகரங்களோட புறநகர்கள்ல இருந்தாங்க. 2004 சட்டத்துக்கு முன்னாடி அரசு அமைச்ச ஸ்டாஸி கமிஷன் முன்ன அதைச் சொன்னவங்க முஸ்லிம் பெண்களேதான். ரெண்டும் உண்மை.

இதுல எல்லாரும் வெறுக்கிறாங்களான்னு கேட்டா, இல்ல. 2014-ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் முகத்திரைத் தடை செல்லும்னு சொன்னப்போ, பாதுகாப்பு, பெண் சமத்துவம்னு பிரான்ஸ் சொன்ன காரணங்களை ஏத்துக்கல. "சேர்ந்து வாழ்றது"ங்கிற ஒரே காரணத்துல நிறுத்திச்சு. நாலு வருஷம் கழிச்சு ஐ.நா. மனித உரிமைக் குழு, அதே சட்டம் ரெண்டு பெண்களோட உரிமையை மீறிடுச்சுன்னு சொல்லிச்சு. 2016-ல கடற்கரையில புர்கினிங்கிற, உடம்பையும் தலையையும் மூடுற நீச்சல் உடுப்பை மேயர்கள் தடுத்தப்போ, வில்நவ் லூபே ஊர்த் தடையை நிறுத்தி வெச்சது பிரான்ஸோட உச்ச நிர்வாக நீதிமன்றமே. அப்புறம் 2020-ல கொரோனா வந்து, மெட்ரோவுல முகத்தை மூடலன்னா அபராதம், மதத்துக்காக மூடினாலும் அபராதம்னு நின்னுச்சு பாருங்க, அதைச் சொல்லிச் சிரிக்காத பிரெஞ்சுக்காரரே இல்ல.

மத்த நாடுகளைச் சுருக்கமாச் சொல்றேன். முகத்திரைக்குப் பெல்ஜியத்துல 2011-ல இருந்து தடை, ஆஸ்திரியாவுல 2017, டென்மார்க்ல 2018. நெதர்லாந்துல 2019-ல இருந்து பஸ், பள்ளி, ஆஸ்பத்திரி, அரசு அலுவலகத்துல மட்டும், தெருவுல இல்ல. சுவிட்சர்லாந்துல 2021-ல சனங்களே ஓட்டுப் போட்டாங்க, ஆதரவு 51.2 சதவீதம். 2025 ஜனவரி 1-ல இருந்து அமல். பிரிட்டன்ல இப்படி ஒரு சட்டமே இல்ல. அங்க பின்னாடி பிரதமரான போரிஸ் ஜான்சன் 2018-ல நிகாப் போட்டவங்களைத் தபால் பெட்டியோட ஒப்பிட்டு எழுதினார், ஆனா தடை வேணாம்னுதான் அதே கட்டுரையில சொன்னார். அமெரிக்காவுல, தலைத்துணிக்காக வேலை குடுக்காத ஒரு துணிக்கடை நிறுவனத்துக்கு எதிரா 2015-ல உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 தீர்ப்புக் குடுத்துச்சு. ஆக "மேற்கு"ன்னு ஒரே நாடு கிடையாது.

உங்க மகளுக்கு நிஜமாவே இடிக்கப் போறது ரெண்டு இடம். ஒண்ணு, தங்குற அனுமதி அட்டைக்கான போட்டோ. 35-க்கு 45 மில்லிமீட்டர், தலை திறந்திருக்கணும், மத விதிவிலக்கு கிடையாது. மக்கனாவோட எடுத்த போட்டோவை அனுப்பினா விண்ணப்பம் திரும்பி வரும், நாள் வீணாகும். ஸ்டுடியோவுக்குப் போகத் தேவையில்ல. மெட்ரோ ஸ்டேஷன்ல திரை போட்ட போட்டோ பெட்டி நிக்கும், உள்ள போய்த் திரையை இழுத்துவிட்டு ஸ்டூல்ல உக்காந்து எடுத்துக்கலாம், ஆள் யாரும் இருக்க மாட்டாங்க. ஆன்லைன் விண்ணப்பத்துக்கு அதுல வர்ற இ-போட்டோ குறியீட்டை வாங்கிக்கணும்.

ரெண்டாவது பகுதி நேர வேலை. தனியார் கம்பெனி தலைத்துணியைத் தடுக்கணும்னா, அந்த விதி எழுத்துல உள் விதிமுறைப் புத்தகத்துல இருக்கணும், எல்லா மத, அரசியல் சின்னத்துக்கும் பொதுவா இருக்கணும், வாடிக்கையாளரை நேர்ல பாக்குற வேலைக்கு மட்டும் இருக்கணும். "கஸ்டமர் ஒருத்தர் புகார் பண்ணிட்டார்"ங்கிறது காரணமே ஆகாது, 2017-ல ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது இது. ஆனா நேர்முகத் தேர்வுலயே சிரிச்ச முகத்தோட "பிறகு சொல்றோம்"னு அனுப்பிட்டா எதை நிரூபிப்பீங்க? பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். அதனால விண்ணப்பம், பதில் மெயில் எல்லாத்தையும் பத்திரமா வெக்கச் சொல்லுங்க. பாகுபாட்டுக்கு உதவி எண் 39 28.

பஸ், ரயில்ல யாராவது திட்டினா 3117-க்கு போன் பண்ணலாம், பேச முடியலன்னா 31177-க்கு மெசேஜ். துணியை இழுத்தா, கையை வெச்சா, அது தாக்குதல், உடனே 17. லைன் நம்பர், ஸ்டேஷன், நேரம் மூணையும் அப்பவே போன்ல குறிச்சு வெக்கணும். கேமரா பதிவை அதிகபட்சம் ஒரு மாசம்தான் வெச்சிருப்பாங்க, பல இடத்துல அதுக்கு முன்னாடியே அழிஞ்சிடும். ஊருக்குப் போன் பண்ணி அழுது, யோசிச்சு, மூணு வாரம் கழிச்சுப் புகார் குடுத்தா காட்ட ஒண்ணும் இருக்காது.

(அரங்கிலிருந்து ஒருவர்: முகம் மூடுற பொண்ணா இருந்தா, போலீஸ் திரையை இழுத்துக் கழட்டுவாங்களா?)

முடியாது தம்பி. 2011 மார்ச்ல பிரதமர் அனுப்பின சுற்றறிக்கையிலேயே, கட்டாயப்படுத்திக் கழட்டுற அதிகாரம் எந்த அலுவலருக்கும் இல்லன்னு இருக்கு. அடையாளம் காட்டச் சொல்வாங்க. மறுத்தா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் அதிகபட்சம் நாலு மணி நேரம் வெச்சுச் சரிபாக்கலாம். கடைக் காவலாளிக்கு அந்த உரிமையும் கிடையாது, போலீஸைக் கூப்பிட மட்டும்தான் முடியும். பள்ளிவாசலுக்குள்ள இந்தச் சட்டம் செல்லாதுன்னு அரசியலமைப்புச் சபை 2010-லயே சொல்லிடுச்சு. சொந்தக் காரும் பொது இடம் இல்ல. ஆனா ஓட்டுற இருக்கையில முகத்தை மூடிக்கிட்டு உக்காந்தா பார்வை மறையுதுன்னு போக்குவரத்து விதியில பிடிப்பாங்க.