மருவில் கை வைக்காதீர்கள்

வணக்கம். மருவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும், "அதுல பத்து நிமிஷம் பேச என்ன இருக்கு?" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். இருக்கிறது. சேலத்தில் இத்தனை வருஷமாகத் தோல் மருத்துவம் பார்க்கிறேன், மருவால் கெட்டுப்போன விரலைவிட மருவுக்குச் செய்த வைத்தியத்தால் கெட்டுப்போன விரல்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் என் கதை. எனக்கு ஒன்பது வயதில் வலது கட்டைவிரலில் ஒரு மரு, எங்கள் பக்கம் பாலுண்ணி என்போம். அப்பாயி ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போய், மாரியம்மன் கோயில் பலிபீடத்தில் உப்பும் மிளகும் போடச் சொன்னார். உப்பு கரைகிற மாதிரி இதுவும் கரையணும் ஆத்தா என்று வேண்டிக்கொண்டு, "இனி அதைத் தொடக்கூடாது, கிள்ளினா ஆத்தாவுக்குக் கோபம் வரும்" என்று எனக்கு ஒரு மிரட்டல். ஆடியில் போட்ட உப்பு, பொங்கலுக்குள் மரு போயே போச்சு.

பிற்பாடு மருத்துவம் படிக்கும்போதுதான் தெரிந்தது, பிள்ளைகளுக்கு வரும் மருவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஒன்றுமே செய்யாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்குள் தானாகப் போய்விடும். மரு வருவது ஒரு வைரஸால்; உடம்பின் எதிர்ப்பு சக்தி அந்த வைரஸை என்றைக்கு அடையாளம் கண்டுகொள்கிறதோ அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. அதனால் கடைசியாக யார் வைத்தியம் பார்த்தாரோ அவருக்குப் பேர் கிடைக்கும். குதிரை முடி கட்டியவருக்கும் கிடைக்கும், எனக்கும் கிடைக்கும். ஒன்று சொல்லட்டுமா, அப்பாயியின் வைத்தியத்தை இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆறு மாசம் அந்தப் பையனை மருவில் கை வைக்காமல் இருக்கச் செய்தாரே, அது போதும்.

கை வைத்தால் என்ன ஆகும்? கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிற ஒரு தம்பி வந்தார், இருபது வயது இருக்கும். ஆள்காட்டி விரலில் நகத்தை ஒட்டி ஒரு மரு. வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று, கொலுசு தேய்க்கிற அரத்தாலேயே அதைத் தேய்த்திருக்கிறார். மேலே வெள்ளி கழுவ வைத்திருந்த திராவகத்தில் ஒரு சொட்டு. என்னிடம் வந்தபோது நகக்கண்ணைச் சுற்றி மஞ்சள் பூத்துப் புண்ணாகியிருந்தது. நைட்ரிக் அமிலம் தோலில் பட்டால் அப்படித்தான் மஞ்சளாகும். அதே அரம் உரசிய பக்கத்து விரலில் புதிதாக மூன்று மரு வேறு.

வேடிக்கை என்னவென்றால், அவர் செய்தது பாதி சரி. நாங்களும் அதைத்தான் செய்யச் சொல்கிறோம். ராத்திரி வெந்நீரில் ஐந்து நிமிஷம் ஊறவைத்து, மேல்தோலை நகம் தேய்க்கிற மாதிரி சொரசொரப்பான அட்டையால் லேசாகத் தேய்த்து, சாலிசிலிக் அமிலம் 17 சதவீதம் உள்ள மருந்தை மருவின் மேல் மட்டும் வைக்க வேண்டும். சுற்றியுள்ள நல்ல தோலுக்கு வாசலின் தடவிக்கொள்ளுங்கள். தேய்க்கிற அட்டை மருவுக்கென்றே தனியாக இருக்கணும், முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடணும். மூன்று மாசம் விடாமல் செய்ய வேண்டும், அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள், பத்தாம் நாளே "சார், கேட்கலை" என்று வந்து நிற்பார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலில் இதை நீங்களாக வைத்துக்கொள்ள வேண்டாம், தயவுசெய்து. முகத்திலும் வேண்டாம்.

அவசரம் என்றால், மைனஸ் 196 டிகிரியில் இருக்கிற திரவ நைட்ரஜன் வைத்து உறைய வைப்போம், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. கரண்ட் வைத்துச் சுடுவதும் உண்டு. எதைச் செய்தாலும் திரும்ப வரலாம், ஏனென்றால் சுற்றியுள்ள தோலிலும் வைரஸ் ஒளிந்திருக்கும்.

அப்புறம் இந்தக் காலாணி விஷயம். ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகிற ஒரு அம்மா, உள்ளங்காலில் ஆணி என்று பிளேடால் சீவிச் சீவி, ரத்தம் வடிய பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தார். அது ஆணியே இல்லை, மரு. நேராக அமுக்கினால் வலித்தால் பெரும்பாலும் ஆணி, இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் வலித்தால் பெரும்பாலும் மரு. சீவினால் உள்ளே கறுப்பாகப் புள்ளி தெரியும். வேர் என்பார்கள், வேரெல்லாம் இல்லை, உறைந்துபோன சின்ன ரத்தக் குழாய்கள்தான். திரும்பவும் சொல்கிறேன், சீவாதீர்கள்.

தாடியில் மரு உள்ளவர் சவரம் செய்தால் பிளேடு போகிற வழியெல்லாம் மரு முளைக்கும். சலூனில் புது பிளேடு போடச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். துண்டும் கால் தேய்க்கிற கல்லும் ஆளுக்கு ஒன்று. பொதுக் குளியலறையில் செருப்பு. நகம் கடிக்கிற பிள்ளைகளுக்கு உதட்டிலும் வரும்.

வேகமாக வளர்கிற, ரத்தம் கசிகிற, நிறம் மாறுகிற எதையும் மரு என்று நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஐயோ, மணி ஆகிவிட்டது, தடுப்பூசி பாக்கி. ஒரே வரியில் சொல்கிறேன். எச்.பி.வி. என்கிற இந்த வைரஸில் நூற்றுக்கும் மேற்பட்ட வகை உண்டு, கை கால் மருவுக்கான வகைகள் தடுப்பூசியில் இல்லை, ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணமான 16, 18 என்ற எண்ணுள்ள வகைகள் இருக்கிறது, பிறப்புறுப்பு மருவை உண்டாக்கும் 6, 11 வகைகளும் சில தடுப்பூசிகளில் சேர்ந்தே இருக்கிறது. ஒன்பதிலிருந்து பதினாலு வயதுக்குள் போட்டுக்கொள்வதுதான் நல்லது, அந்த வயதில் பெண் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வாரமே கேட்டு வையுங்கள். இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், அப்பாயி கதையில் நேரம் போய்விட்டது. வணக்கம்.