நத்தார்க் கால ஜின் கலவைகள்: ஐஸ்கட்டியும் அளவும்

வணக்கம் நேயர்களே. நத்தார் தொடங்கிப் புத்தாண்டு கழியும்வரை பிரித்தானியாவில் உள்ள நம் வீடுகளுக்கு விருந்தினர் வருவதும் போவதுமாக இருப்பார்கள். அந்த நாட்களில் வீட்டிலேயே ஜின் காக்டெயில் தயாரிக்க விரும்புகிறவர்களுக்குப் பயன்படும்படி பேச அழைத்த நிலையத்தாருக்கு நன்றி. எந்த ஜின் வாங்குவது என்பதைப் பற்றித்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள். அதைவிட ஐஸ்கட்டியும் அளவுமே சுவையைத் தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

ஜூனிபர் காயின் மணம் மேலோங்கி நிற்கும்படி தயாரிக்கப்படும் மதுபானமே ஜின். இங்கே அதன் மதுசாரம் 37.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. சுப்பர்மார்க்கெட்டில் நடுத்தர விலையில் கிடைக்கும் லண்டன் டிரை வகையே இந்தப் பருவத்துக்குப் போதும். வடித்தெடுத்த பிறகு அதில் வேறு மணமோ நிறமோ சேர்க்கப்படுவதில்லை என்பதால், புளிப்போடும் கசப்போடும் அது நன்றாக இணங்கும். அன்பளிப்பாக வரும் இளஞ்சிவப்பு ஜின்கள் பெரும்பாலும் இனிப்பானவை. அவற்றை வெறும் சோடாவுடன் பரிமாறிவிடலாம்.

இனி ஐஸ்கட்டிக்கு வருகிறேன். ஜின் கலவையை ஐஸுடன் அரை நிமிடம் கிளறினால், உருகிச் சேரும் நீரால் அதன் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை கூடுகிறது. அந்த நீர் குறையன்று. அது கலவையின் ஓர் உறுப்பு. மதுசாரத்தின் காரத்தைத் தணித்து, உள்ளே அடங்கிக் கிடக்கும் மணங்களை மேலே கொண்டுவருவது அதுதான். அப்படிப்பட்ட நீர், மீனும் இறைச்சியும் வைத்திருக்கும் ஃப்ரீசரில் பல வாரங்கள் திறந்து கிடந்த தட்டிலிருந்து வந்தால், அந்த வாடை முழுவதும் குவளைக்குள் இறங்கிவிடும். ஆகவே விருந்துக்கு முதல் நாள் புதிய நீரில் ஐஸ் உறையவைத்து, மூடியுள்ள பெட்டியில் சேர்த்து வையுங்கள். ஐஸைச் சிக்கனமாகப் போடுவதால் பானம் கெட்டியாக இருக்கும் என்று நினைப்பது தவறு. இரண்டு கட்டிகள் மட்டும் மிதக்கும் குவளையில் அவை விரைவாக உருகிப் பானத்தை வெளிறச் செய்கின்றன. குவளை நிறைய ஐஸ் இருந்தால் பானம் உடனே குளிர்ந்துவிடுவதால், அதன்பின் உருகுவது மெதுவாகவே நடக்கும்.

எலுமிச்சைச் சாறு சேரும் கலவையைக் குலுக்க வேண்டும். மதுவகைகள் மட்டும் சேர்வதைக் கிளறினால் போதும். குலுக்குவதற்குத் தனிக் கருவி இல்லாவிட்டால், மூடி இறுக்கமாகப் பொருந்தும் பழைய ஜாம் போத்தலே போதுமானது. டொம் கொலின்ஸ் என்னும் பானத்திற்கு 50 மில்லிலீற்றர் ஜின், அப்போதே பிழிந்த லெமன் சாறு 25, சீனிப்பாகு 15 எடுத்து, ஐஸுடன் பத்துப் பன்னிரண்டு விநாடிகள், போத்தலின் வெளிப்புறத்தில் வெண்பனி படரும்வரை குலுக்குங்கள். பிறகு புதிய ஐஸ் நிறைந்த உயரமான குவளையில் வடித்து, மேலே சோடா ஊற்றுங்கள். சோடாவை ஒருபோதும் உள்ளே போட்டுக் குலுக்கக் கூடாது, மூடி தெறித்துவிடும். சீனிப்பாகு என்றால் சம அளவு சீனியையும் சுடுநீரையும் கலந்து ஆறவைத்ததுதான். கடையில் வாங்கத் தேவையில்லை.

இந்தக் காலத்தில் நான் ஜின்னுடன் தொனிக் என்னும் கசப்புச் சோடாவைப் பருகும்போதெல்லாம் இலங்கையின் மலையகம் நினைவுக்கு வருகிறது. தொனிக்கின் கசப்புக்குக் காரணமான குயினைன், சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைப்பது. 1861இல் நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஹக்கலையில் அந்த மரம் நடப்பட்டது. இலைநோயால் கோப்பி அழிந்த ஆண்டுகளில் தோட்டத்துரைமார் பலர் சிங்கோனாவுக்கு மாறி, அதன் விலை சரிந்தபின் தேயிலைக்குப் போனார்கள். அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் நம் மக்கள். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

விருந்தினர் பலர் வரும் நாளில் ஒவ்வொரு குவளையாகக் கலந்துகொண்டிருந்தால், வீட்டுக்காரருக்கு உட்கார்ந்து பேச நேரமே இராது. அதற்கு ஏற்றது நெக்ரோனி. ஜின், கம்பாரி என்னும் சிவப்பு நிறக் கசப்பு மதுபானம், சிவப்பு இனிப்பு வெர்மூத் ஆகிய மூன்றிலும் தலா 250 மில்லிலீற்றர் எடுத்து, 100 மில்லிலீற்றர் நீரும் கலந்து, ஒரு லீற்றர் போத்தலில் காலையிலேயே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மாலையில் பெரிய ஐஸ்கட்டியின் மேல் ஊற்றி, தோடம்பழத்தின் தோலை மட்டும் வெள்ளைச் சதை ஒட்டாமல் சீவி, குவளையின் மேலே முறுக்கினால், தோலிலுள்ள எண்ணெய் நுண்துளிகளாகப் பானத்தின் மேல் படியும். மீதமுள்ள வெர்மூத்தை அலமாரியில் வைக்காதீர்கள். அதுவும் வைன் வகைதான், திறந்தபின் குளிரில் இருக்க வேண்டும்.

அந்த நெக்ரோனிப் போத்தலில் எட்டுக் குவளைகள் வரும். வழக்கமான மதுசார அளவுகளைக் கொண்டு கணக்கிட்டால், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய இரண்டரை யூனிட் இருக்கும்; ஒரு யூனிட் என்பது 10 மில்லிலீற்றர் தூய மதுசாரம். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாமல் இருப்பதே நல்லது என்று இங்குள்ள மருத்துவ அதிகாரிகள் அறிவுறுத்துகிறார்கள். பப்களில் ஜின்னை 25 அல்லது 35 மில்லிலீற்றர் அளவில்தான் ஊற்ற வேண்டும் என்று சட்டமே இருக்கும்போது, வீட்டில் கைக்கு வந்தபடி ஊற்றுவது விருந்தோம்பல் ஆகாது. அளவுக் கிண்ணம் இல்லையென்றால் மேசைக்கரண்டியைப் பயன்படுத்துங்கள். ஒரு கரண்டி 15 மில்லிலீற்றர்.

வாகனம் ஓட்டுபவர்களுக்கும் மது அருந்தாதவர்களுக்கும் ஓரமாகக் கோலாப் போத்தலை வைத்துவிடாமல், லெமன் சாறு 25, சீனிப்பாகு 15 ஆகியவற்றை அதேபோல் குலுக்கி, தொனிக் ஊற்றி, உள்ளங்கையில் தட்டிய றோஸ்மேரிக் கொத்து ஒன்றைச் செருகிக் கொடுங்கள். அதுவும் அதே உயரமான குவளையில், அதே அளவு ஐஸுடன் மேசைக்கு வரட்டும். நன்றி, வணக்கம்.