பிராபர்ட்டி டாக்ஸ்ல வர்ற ஸ்கூல் லெவி பணம் எங்க போகுது? வாஷிங்டன் மாநில நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சம்மாமிஷ்ல இருந்து ஒரு நேயர் கேட்டிருக்காங்க. கேள்வியை முதல்ல படிச்சிடறேன். "எங்க பிராபர்ட்டி டாக்ஸ் பில்லுல மாநில ஸ்கூல் வரின்னு ஒண்ணு, உள்ளூர் ஸ்கூல் வரின்னு ஒண்ணு, ரெண்டு இருக்கு. கல்விச் செலவு மாநிலத்தோட பொறுப்புதானே? அப்புறம் எதுக்கு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை லெவின்னு ஓட்டுக்கு விடறாங்க? அந்தப் பணத்தை எதுக்குச் செலவு பண்றாங்க? வீட்டு மதிப்பு ஏறினா டிஸ்ட்ரிக்டுக்கு இன்னும் அதிகமா போகுமா?"

இது வாஷிங்டன் மாநிலத்துக்கான பதில். டெக்சாஸ், கலிஃபோர்னியால இருக்கறவங்க இதை உங்க ஊருக்குப் பொருத்திப் பாக்க வேண்டாம், அங்க சட்டமே வேற.

லெவின்னா ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு ஒத்துக்கற உள்ளூர் ஸ்கூல் வரி; டிஸ்ட்ரிக்ட்னா அந்த ஊர் ஸ்கூல்களை நடத்தற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். கடைசிக் கேள்வியை முதல்ல முடிச்சிடலாம். வீட்டு மதிப்பு ஏறினதால மட்டும் டிஸ்ட்ரிக்டுக்குக் கூடுதல் பணம் போகாது. ஓட்டுல நீங்க ஒத்துக்கறது ஒரு தொகையை. எந்த வருஷத்துக்கு எத்தனை டாலர்னு பாலட்லயே இருக்கும். பக்கத்துல "ஆயிரத்துக்கு இவ்வளவு"ன்னு போட்டிருக்கறது வெறும் மதிப்பீடு. ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். டிஸ்ட்ரிக்ட் கேக்கறது வருஷத்துக்கு 6 கோடி டாலர், அந்த எல்லைக்குள்ள மொத்த சொத்து மதிப்பு 4,000 கோடி டாலர்னு வெச்சுக்குங்க. ஆயிரத்துக்கு 1.50 டாலர் வரும். 10 லட்சம் டாலர் வீட்டுக்கு 1,500 டாலர். அடுத்த வருஷம் எல்லா வீடும் 10 சதவீதம் ஏறினா மொத்த மதிப்பு 4,400 கோடி, விகிதம் 1.36க்கு இறங்கிடும். உங்க வீடு இப்ப 11 லட்சம், ஆனா கட்டப்போறது அதே 1,500தான். ஊரே 10 சதவீதம் ஏறும்போது உங்க வீடு மட்டும் 20 சதவீதம் ஏறியிருந்தா 1,636 டாலர் கட்டுவீங்க. அப்பவும் டிஸ்ட்ரிக்டுக்குப் போறது அதே 6 கோடிதான். உங்க பங்கு கூடுது, இன்னொருத்தர் பங்கு குறையுது, அவ்வளவுதான்.

இப்ப முக்கியமான கேள்விக்கு வருவோம். மாநிலம்தானே பொறுப்பு? ஆமா. மாநில அரசியலமைப்புச் சட்டமே அதைத்தான் சொல்லுது. 2007ல தொடுத்த மெக்லியரி வழக்குல, மாநிலம் தன்னோட கடமையைச் சரியா செய்யலைன்னு 2012 ஜனவரியில மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. சட்டமன்றம் இழுத்தடிச்சதால 2015ல இருந்து நாளுக்கு 1 லட்சம் டாலர் அபராதம் போட்டாங்க. 2017ல சட்டமன்றம் மாநில ஸ்கூல் வரியை உயர்த்தி, உள்ளூர் லெவிக்கு உச்சவரம்பை இறக்குச்சு. 2018ல வழக்கு முடிஞ்சுது. உங்க பில்லுல மாநில ஸ்கூல் வரி கூடினதுக்குப் பின்னணி இதுதான்.

அந்தச் சட்டத்துக்கு அப்புறம், ஓட்டுப் போட்டுக் கொடுக்கற லெவியை மாநிலம் கொடுக்கற "அடிப்படைக் கல்வி"க்கு மேல இருக்கறதுக்கு மட்டும்தான் செலவு பண்ணணும்னு விதி. எதுக்குச் செலவு பண்ணப் போறோம்னு ஒரு திட்டம் எழுதி, மாநிலக் கல்வி அலுவலகமான ஓ.எஸ்.பி.ஐ.கிட்ட அனுமதி வாங்கின பிறகுதான் பாலட்டுக்கே கொண்டு போக முடியும். சட்டம் இதைக் கூடுதல் வசதி மாதிரித்தான் பேசுது. நடைமுறையில இந்தப் பணத்துல பாதி, மாநிலக் கணக்குல விழுற ஓட்டையை அடைக்கத்தான் போகுதுங்கறது என் கருத்து. அது ஏன்னு காட்டறேன்.

மாநிலம் பணம் ஒதுக்கறது ஒரு மாதிரிப் பள்ளியை வெச்சு. எலிமெண்டரின்னா 400 பிள்ளைங்க, மிடில் ஸ்கூல் 432, ஹை ஸ்கூல் 600. அந்த 400 பிள்ளைங்களுக்கு எத்தனை டீச்சர், எத்தனை கவுன்சிலர், எத்தனை நர்ஸ்னு ஒரு அட்டவணை இருக்கு. 2022 வரைக்கும் எலிமெண்டரி நர்ஸுக்கு அதுல இருந்த எண் 0.076. முழுநேர நர்ஸ் ஒருத்தர் வாரத்துக்கு 40 மணி நேரம்னு வெச்சா, இது 3 மணி நேரம். 400 பிள்ளைங்க, அதுல ஆஸ்துமா இருக்கறவங்க, நிலக்கடலை அலர்ஜி இருக்கறவங்க, இன்சுலின் போட வேண்டியவங்கன்னு எல்லாரும் இருப்பாங்க. வாரத்துக்கு 3 மணி நேரம் நர்ஸ் போதுமா? எந்தப் பெற்றோரும் ஒத்துக்க மாட்டாங்க. அதனால டிஸ்ட்ரிக்ட் மீதி நாளுக்கும் ஆள் போட்டுது. சம்பளம் லெவியில இருந்து. 2022ல சட்டமன்றம் இந்த எண்ணை மூணு படியா உயர்த்தி, 2024-25ல 0.585க்குக் கொண்டு வந்துச்சு. பெரிய முன்னேற்றம்தான், இருந்தாலும் வாரத்துல கிட்டத்தட்ட 3 நாள்தான். மீதி 2 நாளைக்கு இன்னமும் லெவிதான். கவுன்சிலர், செக்யூரிட்டி, உதவி டீச்சர்னு வரிசையா இதே கதை.

ஸ்பெஷல் எஜுகேஷன் இன்னும் கஷ்டமான இடம். மொத்தப் பிள்ளைங்கள்ல இத்தனை சதவீதத்துக்கு மேல ஸ்பெஷல் எஜுகேஷன் நிதி கிடையாதுன்னு மாநிலம் ரொம்ப வருஷம் உச்சவரம்பு வெச்சிருந்தது. 13.5 சதவீதம், அப்புறம் 15, அப்புறம் 16. 2025ல அதை எடுத்துட்டாங்க. ஆனா தகுதியுள்ள ஒரு பிள்ளைக்குச் சேவை இல்லைன்னு சொல்ல மத்திய சட்டம் எப்பவுமே அனுமதிச்சதில்ல. அந்தப் பிள்ளைக்குன்னு எழுதற தனிக் கல்வித் திட்டமான ஐ.ஈ.பி.யில பேச்சுப் பயிற்சி வாரத்துக்கு இத்தனை நிமிஷம்னு எழுதியிருந்தா கொடுத்தே ஆகணும். உச்சவரம்பு போனாலும், ஒரு பிள்ளைக்கு ஆகற செலவுக்கும் மாநிலம் கொடுக்கறதுக்கும் பல டிஸ்ட்ரிக்ட்ல இன்னமும் இடைவெளி இருக்கு. அதை நிரப்பறதும் உங்க லெவிதான்.

இது போக, ஸ்போர்ட்ஸ், பேண்ட், டிராமா, ரோபோடிக்ஸ் கிளப் மாதிரி விஷயங்கள். விளையாட்டுப் பயிற்சியாளருக்கு மாநிலம் தனியா காசு ஒதுக்கறதில்ல. ஹை ஸ்கூல்ல ஆறு பீரியடுக்கு மேல ஏழாவது பீரியட் வெச்சாங்கன்னா, அந்தச் செலவும் பெரும்பாலும் லெவியில இருந்துதான்.

அடுத்தது நிறைய பேர் குழம்பற இடம். "லெவி பாடத்துக்கு, பாண்ட் கட்டடத்துக்கு"ன்னு பிரச்சார நோட்டீஸ்ல பாத்திருப்பீங்க. பாதிதான் சரி. ஓட்டுக்கு வர்றது மொத்தம் நாலு வகை. முதலாவது இவ்வளவு நேரம் பேசின லெவி, அதிகபட்சம் 4 வருஷம், அன்றாடச் செலவுக்கான ஜெனரல் ஃபண்டுக்குப் போகும். ரெண்டாவது கட்டடம், கருவி மாதிரி செலவுக்கான கேப்பிடல் லெவி, டெக்னாலஜி லெவியும் இதுல சேர்ந்ததுதான், 6 வருஷம் வரை, கேப்பிடல் புராஜக்ட்ஸ் ஃபண்டுக்குப் போகும். மூணாவது ஸ்கூல் பஸ் வாங்கறதுக்கு, 2 வருஷம் வரை. நாலாவது பாண்ட், அதாவது கட்டடம் கட்டறதுக்காக வாங்கற கடன். லெவிக்குப் பாதிக்கு மேல ஒரு ஓட்டு இருந்தா போதும், 2007ல அரசியலமைப்பைத் திருத்தினதுல இருந்து அப்படித்தான். பாண்டுக்கு 60 சதவீதம் வேணும், அதோட முந்தைய பொதுத் தேர்தல்ல ஓட்டுப் போட்டவங்க எண்ணிக்கையில 40 சதவீதமாவது இதுல ஓட்டுப் போட்டிருக்கணும்.

இந்தக் கணக்கெல்லாம் தனித்தனிப் பெட்டி மாதிரி. "போன வருஷம் புதுக் கட்டடம் கட்டக் காசு இருந்துச்சு, இந்த வருஷம் டீச்சரை வேலையை விட்டு அனுப்பறீங்களா?"ன்னு ஒவ்வொரு போர்டு மீட்டிங்லயும் கேப்பாங்க. கோபம் புரியுது, ஆனா பாண்ட் காசை எடுத்து டீச்சருக்குச் சம்பளம் கொடுக்கறது சட்டவிரோதம். டெக்னாலஜி லெவியில லேப்டாப், வைஃபை, சாஃப்ட்வேர் சந்தா, அந்தக் கருவிகளைப் பயன்படுத்தற பயிற்சி இதெல்லாம் வாங்கலாம், வகுப்பு டீச்சர் சம்பளம் கூடாது. லேப்டாப்ல ஒண்ணு கவனிங்க. குரோம்புக்குக்கு, இந்தத் தேதிக்கு அப்புறம் அப்டேட் வராதுன்னு ஒரு கெடு உண்டு. மிஷின் நல்லா இருந்தாலும் அதுக்கு மேல பாதுகாப்பு அப்டேட் கிடைக்காது. எல்லாத்தையும் ஒரே வருஷத்துல வாங்கின டிஸ்ட்ரிக்டுக்கு எல்லாமே ஒரே வருஷத்துல காலாவதி ஆகும். வருஷத்துக்குக் கால்வாசின்னு பிரிச்சு வாங்கற திட்டம் இருக்கான்னு லெவி திட்டத்துல பாருங்க.

பணம் எப்ப வருதுங்கறதும் முக்கியம். ஸ்கூல் நிதியாண்டு செப்டம்பர் 1ல இருந்து ஆகஸ்ட் 31 வரை. ஆனா பிராபர்ட்டி டாக்ஸ் காலண்டர் வருஷக் கணக்கு, கெடு ஏப்ரல் 30, அக்டோபர் 31. பிப்ரவரியில பாஸ் ஆகற லெவிக்கு அடுத்த ஜனவரியில இருந்துதான் வரி, முதல் பெரிய தொகை கைக்கு வர ஏப்ரல் கடைசி ஆயிடும். கேப்பிடல் லெவியில கூரை மாத்தணும்னா, ஜூன் கடைசியில ஸ்கூல் மூடினதும் வேலை ஆரம்பிக்கணும், அதுக்கு டெண்டர் குளிர்காலத்துலயே விடணும். பாண்டுன்னா மொத்தக் காசும் முன்னாடியே வரும், ஆனா வட்டி உண்டு. லெவிக்கு வட்டி இல்ல, காசு தவணை தவணையாத்தான் வரும்.

எங்க சிக்கல் வருது? முதல் சிக்கல் உச்சவரம்பு. பாலட்ல பாஸ் ஆன தொகையை முழுசா வசூலிக்க முடியாமப் போகலாம். 2019ல திருத்தின சட்டப்படி, ஆயிரத்துக்கு 2.50 டாலர், இல்லன்னா ஒரு மாணவருக்கு 2,500 டாலர், ரெண்டுல எது குறைவோ அதுதான் எல்லை. 40,000 பிள்ளைங்களுக்கு மேல இருக்கற டிஸ்ட்ரிக்டுக்கு, அதாவது சியாட்டிலுக்கு, 3,000. விலைவாசியோட இந்தத் தலைக்கணக்கு ஏறிட்டு வருது, 2025ல சட்டமன்றமும் உயர்த்தியிருக்கு. சம்மாமிஷ் இருக்கற உங்க ஈஸ்ட்சைடு பகுதி மாதிரி வீட்டு மதிப்பு அதிகமான ஊர்ல தடுக்கறது இந்தத் தலைக்கணக்குதான். அதனால பிள்ளைங்க எண்ணிக்கை குறைஞ்சா மாநிலப் பணமும் குறையும், லெவி எல்லையும் குறையும். ஆனா 25 பேர் இருந்த வகுப்புல 23 பேர் ஆனா டீச்சர் செலவு குறையாதே.

ரெண்டாவது சிக்கல், லெவி தோக்கறது. ஒரு வருஷத்துல ரெண்டு தடவைதான் ஓட்டுக்கு விடலாம், பெரும்பாலும் பிப்ரவரி, ஏப்ரல். ரெண்டுலயும் தோத்தா? மேரிஸ்வில் டிஸ்ட்ரிக்ட்ல 2022ல அதுதான் நடந்துச்சு. 2023 பிப்ரவரியில பாஸ் ஆச்சு, ஆனா வசூல் 2024லதான். நடுவுல ஒரு முழு வருஷம் உள்ளூர் லெவி இல்லாம ஓட்ட வேண்டியதாச்சு. சொத்து மதிப்பு குறைவான ஊர்கள்ல அடி இன்னும் பலம், ஏன்னா லெவி பாஸ் ஆனாத்தான் மாநிலத்தோட ஈடு நிதியும் வரும். ரெண்டும் சேர்ந்தே போயிடும்.

சரி, உங்க டிஸ்ட்ரிக்ட் எப்படிச் செலவு பண்ணுதுன்னு நீங்களே பாக்கலாம். நோட்டீஸ்ல வர்ற வட்ட வரைபடத்தை நம்பி நிக்காதீங்க. எஃப்-195ங்கறது பட்ஜெட், எஃப்-196ங்கறது வருஷம் முடிஞ்சதும் வர்ற கணக்கு. ரெண்டும் பொது ஆவணம். வரவுல 1100ங்கற எண் உள்ளூர் பிராபர்ட்டி டாக்ஸ். செலவுல புரோகிராம் 21 மாநில ஸ்பெஷல் எஜுகேஷன், 97 நிர்வாகம் உள்பட பொதுச் செலவு, 99 பஸ். புரோகிராம் 21க்கு மாநிலம் கொடுத்ததையும் அதுல செலவானதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, லெவி எங்க போகுதுன்னு பாதி விளங்கிடும். 2019-20ல இருந்து உள்ளூர் வருமானத்தை ஜெனரல் ஃபண்டுக்குள்ள தனி உட்கணக்கா காட்டணும்னு விதியும் இருக்கு. அதைக் கேளுங்க, கொடுக்க வேண்டியது அவங்க கடமை.

இதைச் சிட்டிசன் இல்லாதவங்களுக்காகவும் சொல்றேன். எச்-1பி, கிரீன் கார்டுல இருக்கறவங்க வீட்டு வரி கட்டறீங்க, லெவிக்கு ஓட்டுப் போட முடியாது. ஆனா பட்ஜெட்டை ஏத்துக்கறதுக்கு முன்னாடி போர்டு பொது விசாரணை நடத்தணும், அதுல யார் வேணும்னாலும் வந்து ஆதரிச்சோ எதிர்த்தோ பேசலாம்னு சட்டத்துலயே இருக்கு. சிட்டிசனா இருக்கணும்னு நிபந்தனை இல்ல. கோடைக்காலத்துல நடக்கும், தேதி டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்ல போடுவாங்க. போனா மூணு கேள்வி கேளுங்க: பாஸ் ஆன லெவி தொகை எவ்வளவு, உச்சவரம்பால இந்த வருஷம் எவ்வளவு வசூலிக்க முடியாமப் போகுது, ஓ.எஸ்.பி.ஐ.க்குக் கொடுத்த திட்டத்துல இருந்து செலவு எங்க மாறியிருக்கு.