யாரும் சும்மா விடாத கற்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்காட்லாந்து போகிறோம் என்று நம் ஆட்கள் சொன்னால், எங்கே போவார்கள் என்று கேட்க வேண்டியதே இல்லை. எடின்பரோ கோட்டை, லாக் நெஸ் ஏரி, நேரம் இருந்தால் ஸ்கை தீவு. நல்ல இடங்கள்தான், குறை சொல்லவில்லை. இன்று நான் பேச வந்தது அந்தப் பட்டியலில் வராத ஒரு சிற்றூரைப் பற்றி. பெயர் கில்மார்ட்டின். மேற்குக் கரையில் ஆர்கைல் பகுதியில் இருக்கிறது. கிளாஸ்கோவிலிருந்து லாக் லோமண்ட் ஏரிக்கரை வழியாகக் காரில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஒரு தேவாலயம், ஒரு ஓட்டல், ஓர் அருங்காட்சியகம், கொஞ்சம் வீடுகள். வண்டியை நிறுத்தாமல் போனால் ஊர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

ஆனால் அந்த ஊரைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் 800க்கும் மேற்பட்ட பழைய சின்னங்கள் இருக்கின்றன. அவற்றில் 150 அளவுக்கு வரலாற்றுக் காலத்துக்கும் முந்தியவை. கற்குவைகள், கல்வட்டம், நெடுங்கற்கள், பாறைச் செதுக்கல்கள், ஒரு குன்றுக்கோட்டை. பள்ளத்தாக்கில் உள்ளவற்றைப் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டாம். பல சின்னங்கள் ஆடு மேயும் வயலுக்கு நடுவில் நிற்கின்றன. சின்ன கேட்டைத் திறந்து உள்ளே போகிறோம், பார்க்கிறோம், திரும்ப மூடிவிட்டு வருகிறோம்.

இவ்வளவும் இந்த ஒரு பள்ளத்தாக்கில் வந்து குவிந்தது ஏன்? மேற்கு ஸ்காட்லாந்து முழுக்க மலையும் பாறையும்தான், சமதரை அபூர்வம். இங்கே பனியுகத்து ஆறுகள் சரளையைக் கொண்டுவந்து பரப்பிவிட்டுப் போனதால் நீர் தேங்காத நல்ல விளைநிலம் கிடைத்தது. பக்கத்தில் கிரினன் என்ற இயற்கைத் துறைமுகம். அந்தக் கரையில் மலை ஏறி இறங்குவதைவிடப் படகில் போவது எப்போதும் சுலபம், அயர்லாந்தும் எட்டாத தூரமில்லை. வெண்கலக் காலத்தில் அயர்லாந்துச் செம்பு வடக்கே போன வழிகளில் இது ஒன்று என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த வழியை யார் கையில் வைத்திருந்தார்களோ அவர்களிடம் பணம் சேர்ந்திருக்கும். பணம் சேர்ந்த இடத்தில் பெரிய கல்லறை எழும்புவதில் ஆச்சரியம் என்ன?

ஊருக்குக் கீழே தெற்கு நோக்கி நடந்தால் ஐந்து கற்குவைகள் ஒரே வரிசையில் வரும். இறந்தவர்களை வைத்து மேலே ஆற்றுக் கற்களைக் கொட்டிய மேடுகள் இவை. நெதர் லார்கி தெற்கு என்பது எல்லாவற்றிலும் மூத்தது, புதிய கற்காலத்தது, ஐயாயிரம் வருடத்துக்கு மேல் வயது. குனிந்து உள்ளே போகலாம். இரண்டு பக்கமும் பெரிய பலகைக் கற்கள், தலைக்கு மேலே மூடுகற்கள். கட்டி ஆயிரம் வருடத்துக்கு மேலான பிறகு, வெண்கலக் காலத்து ஆட்கள் அதே மேட்டில் தங்களுக்கும் கற்பதுக்கை, அதாவது கற்பலகைகளால் பெட்டி போல அமைத்த கல்லறை, வைத்துக்கொண்டார்கள். புது மேடு கட்டியவர்களும் தள்ளிப் போகவில்லை, பழையதை ஒட்டி வரிசையாகவே கட்டினார்கள். பழைய பெரியவர்கள் எங்கள் பெரியவர்களும்தான் என்று காட்டிக்கொள்ள ஆசை இருந்திருக்கும். இது என் ஊகம்.

நெதர் லார்கி வடக்கு என்ற கற்குவையில் மேலிருந்து ஒரு திறப்பு வழியாக உள்ளே இறங்கும் அமைப்பு உண்டு. உள்ளே இருக்கும் கற்பலகையில் கோடரித் தலைகளைச் செதுக்கியிருக்கிறார்கள், கூடவே சிறு குழிகள். அந்தக் காலத்தில் வெண்கலக் கோடரி என்றால் மரம் வெட்டும் கருவி மட்டுமில்லை, சொத்து. இறந்தவரோடு அதன் உருவத்தையாவது அனுப்பியிருக்கிறார்கள். அப்புறம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்த அறை அப்படியே வந்ததல்ல, 20ஆம் நூற்றாண்டில் அகழ்ந்து பார்த்தபின் கான்கிரீட் போட்டு மேட்டைத் திரும்பக் குவித்தார்கள். இது தெரியாமல் உள்ளே போய் நாலாயிரம் வருடத்துக் கூரை என்று வியக்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் கெடுக்க மனம் வராது.

நான் சொல்ல வந்ததே இதுதான். கில்மார்ட்டினில் எந்தத் தலைமுறையும் இந்தக் கற்களைச் சும்மா விடவில்லை. ஒருவர் புதைத்த இடத்தில் இன்னொருவர் புதைத்தார். பிற்கால விவசாயி வந்து, வேலிச் சுவருக்கும் சாலைக்கும் நல்ல கல் இலவசமாகக் கிடக்கிறதே என்று வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு போனார். மேடுகள் பல இன்று உயரம் குறைந்து கிடப்பதற்கு அது ஒரு காரணம்.

டெம்பிள் உட் கல்வட்டத்தைப் பாருங்கள். 22 கற்கள் நின்ற வட்டத்தில் இன்று 13 மிஞ்சியிருக்கின்றன. அதில் ஒரு கல்லில் சுருள் வடிவம் செதுக்கியிருக்கிறது. கல்லின் ஒரு முகத்தில் தொடங்கி மூலை திரும்பி அடுத்த முகத்துக்குப் போகிறது. காலை, மாலை வெயில் சாய்ந்து விழும்போதுதான் நன்றாகத் தெரியும். சுற்றி நிற்கும் மரங்களைப் பார்த்து ஏதோ பழங்காலப் புனித வனம் என்று நினைத்துவிடாதீர்கள். மரம் நட்டதும் கோயில் வனம் என்று பெயர் வைத்ததும் 19ஆம் நூற்றாண்டில், பொல்டலாக் பண்ணையை ஆண்ட மால்கம் குடும்பம். பழமைக்கு அலங்காரம் செய்வது அப்போதைய கனவான்களின் பொழுதுபோக்கு. அந்தக் குடும்பத்தின் செல்வத்தில் ஒரு பங்கு ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து, அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்தது. இந்த அழகான வனத்தில் நிற்கும்போது அதையும் சேர்த்து நினைப்பது நல்லது.

பக்கத்து வயலில் நெதர் லார்கி நெடுங்கற்கள். இரண்டு இரண்டாக இரண்டு ஜோடி, நடுவில் குழிகள் செதுக்கிய ஒரு கல். அலெக்சாண்டர் தாம் என்ற பொறியியல் பேராசிரியர், ஆர்கைலிலேயே பிறந்தவர், இதை அளந்து பார்த்து, 18.6 வருடச் சுழற்சியில் நிலா உதிக்கும், மறையும் இடங்கள் அடிவானத்தில் எட்டும் எல்லைகளைக் குறிக்க நட்டவை என்றார். அவர் சொன்ன அளவு துல்லியத்தைத் தொல்லியலாளர்கள் பலர் ஏற்கவில்லை. நிலாவைக் கவனித்தார்கள் என்பதை நம்பலாம், பொறியாளர் கணக்குக்கு நட்டார்கள் என்பது எனக்கும் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது.

சாலையோரமாகத் தெற்கே போனால் டன்க்ரைகெய்க் கற்குவை. எத்தனையோ பேர் அகழ்ந்து, வரைந்து, படம் எடுத்துவிட்டுப் போன இடம். அங்கே ஒரு தொல்லியல் ஆர்வலர் டார்ச்சோடு கற்பதுக்கைக்குள் நுழைந்து மூடுகல்லின் அடிப்பக்கத்தில் வெளிச்சம் அடித்தார். அங்கே மான்கள்! கிளைவிட்ட கொம்போடு இரண்டு ஆண் மான்கள், கூட இன்னும் சில விலங்குகள். 2021இல் செய்தி வெளியானது. வயது நாலாயிரம் முதல் ஐயாயிரம் வருடம். ஸ்காட்லாந்தில் அதுவரை வரலாற்றுக்கு முந்திய விலங்குச் செதுக்கல் எதுவும் கிடைத்ததில்லை, பாறையில் குடைந்த சிறு குழியும் அதைச் சுற்றிய வளையமும்தான். அந்தக் குழி வளையச் செதுக்கல்களைப் பெரிய அளவில் பார்க்க அக்நாப்ரெக் பாறைக்குப் போக வேண்டும். ஒரு மீட்டர் அகல வளையம்கூட உண்டு. எதற்குச் செதுக்கினார்கள் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, டனாட்டுக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம். மோன்யா வோர் என்ற பெரிய சதுப்பு நிலத்துக்கு நடுவே, ஏறக்குறைய 54 மீட்டர் உயரத்தில் தனியாக ஒரு பாறைக் குன்று. கீழே ஆட் ஆறு வளைந்து ஓடுகிறது. டால் ரியாட்டா என்ற, கேலிக் மொழி பேசியவர்களின் அரசுக்கு முக்கியக் கோட்டை இது. அயர்லாந்தின் வடகிழக்கிலும் இந்தக் கரையிலும் பரவிய அரசு அது. அயர்லாந்து ஆண்டுக்குறிப்புகளில் 683இல் இதை முற்றுகையிட்டதும், 736இல் ஸ்காட்லாந்தின் இன்னொரு பழைய இனமான பிக்ட் மக்களின் அரசன் ஓங்கஸ் பிடித்ததும் பதிவாகியிருக்கின்றன.

மேலே உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறையில் ஒரு காலடி செதுக்கியிருக்கிறது. பக்கத்தில் ஒரு காட்டுப்பன்றி, ஓகம் என்ற பழைய எழுத்தில் ஒரு வரி. அரசனாகிறவன் அந்தக் காலடியில் கால் வைத்து முடி ஏற்றான் என்பதுதான் பொதுவான கருத்து. நீங்களும் கால் வைக்கலாம், தடுப்பார் யாருமில்லை. ஆனால் நீங்கள் மிதிப்பது நகல். அசல் பாறை தேய்ந்துவிடக் கூடாது என்று அச்சு எடுத்து மேலே பதித்திருக்கிறார்கள். சரியான ஏற்பாடு, எனக்கு ஏமாற்றமில்லை. கோட்டையை அகழ்ந்தபோது கிடைத்தவைதான் இன்னும் சுவாரஸ்யம். உடை ஊசிகள் வார்க்கும் அச்சுகள், பிரான்சின் மேற்குப் பக்கத்து மண்பாண்டங்கள், ஏட்டுச் சித்திரங்களுக்குத் தீட்டும் மஞ்சள் நிறத்துக்கான அரிதாரம் என்ற தாது. அரிதாரம் மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். மழையில் நனைந்து கிடக்கும் இந்தப் பாறையில் உட்கார்ந்து எவ்வளவு தூரத்துக்கு வியாபாரம் செய்திருக்கிறார்கள்!

தெளிவான நாளில் உச்சியிலிருந்து ஜூரா தீவின் மலைகள் தெரியும். ஜூராவுக்கு வடக்கே கோரிவ்ரெக்கன் என்ற கடல் சுழல் இருக்கிறது. ஜார்ஜ் ஆர்வெல் அந்தத் தீவில் தங்கியிருந்தபோது 1947இல் குழந்தைகளோடு படகில் போய் அந்தச் சுழலுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு பாறைத் திட்டில் ஒதுங்கி, மீனவர்களால் தப்பினார். கிரினன் பக்கத்திலிருந்து அதைப் பார்க்கப் படகுச் சவாரி உண்டு. வயிற்றைப் புரட்டும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

பாறை ஏற முடியாதவர்களுக்குக் கிரினன் கால்வாய். 14 கிலோமீட்டர், 15 மதகுகள், 1801இல் திறந்தது. கிண்டயர் முனையைச் சுற்றிப் போகும் ஆபத்தான கடல் பயணத்தைத் தவிர்க்க வெட்டினார்கள். 1847இல் விக்டோரியா ராணி இதில் பயணம் செய்தபின் கூட்டம் பெருகியது. கரையோரப் பாதை சமதளம், தள்ளுவண்டிக் குழந்தையோடும் நடக்கலாம், சைக்கிளும் ஓட்டலாம்.

ஊருக்கு வடக்கே கார்னசரி கோட்டை. 1560களில் ஜான் கார்ஸ்வெல் என்ற பாதிரியார் கட்டத் தொடங்கியது. கேலிக் மொழியில் அச்சான முதல் நூல், 1567இல் எடின்பரோவில் வெளிவந்த வழிபாட்டு நூல், அவருடைய மொழிபெயர்ப்பு. அரசனுக்கு எதிரான 1685 கலகத்தில் கோட்டையை வெடிவைத்துச் சிதைத்தார்கள். இன்று கூரையில்லாச் சுவர்கள். ஊர்த் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் வாளும் கவச வீரர்களும் செதுக்கிய இடைக்காலப் பலகைகள் இருக்கின்றன, அவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும்வரை அடுத்தவர் நிலத்திலும் நடக்கலாம். ஆனால் விளைபயிரை மிதிக்கக் கூடாது, வசந்தத்தில் ஆட்டுக்குட்டிகள் இருக்கும்போது நாயை அவிழ்த்துவிடக் கூடாது. பஸ் குறைவு, திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். கோடையில் மிட்ஜ் என்ற பொடிக்கொசு, காற்று நின்றால் மொய்த்துவிடும். மே மாதத் தொடக்கம் நல்ல சமயம். அருங்காட்சியகம் 2023இல் புதுப்பித்துத் திறந்தது. அதற்குக் கட்டணம் உண்டு. முதலில் வயல்களில் நடந்துவிட்டு மத்தியானம் உள்ளே போனால், பார்த்த கற்களின் கதை அங்கே இன்னும் நன்றாகப் புரியும். டனாட் ஏறுவதாக இருந்தால் பிடிமானமுள்ள காலணி போடுங்கள், ஈரப் பாறை வழுக்கும்.

வணக்கம்.