புகைக்கரியும் எச்சிலும்: ஓவியர் ஜேம்ஸ் காசில்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சிலேட்டில் எழுதிப் பழகிய தலைமுறையினருக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. கணக்கு தப்பாகிவிட்டால் ஈரத்துணியை யாரும் தேடமாட்டோம்; விரலை நாக்கில் தொட்டுச் சிலேட்டைத் தேய்த்துவிட்டு, வாத்தியார் திரும்பிப் பார்ப்பதற்குள் புதிய எண்ணை எழுதிவிடுவோம். பார்த்துவிட்டால் தலையில் ஒரு குட்டு விழும். எச்சில் தொடுவது நம் வழக்கில் அசுத்தம். புத்தகத்தின் பக்கத்தை எச்சில் தொட்டுப் புரட்டினாலும் பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள். அந்த எச்சிலையும் விறகடுப்பின் புகைக்கரியையும் குழைத்தே வாழ்நாள் முழுவதும் ஓவியம் வரைந்த ஒருவரைப் பற்றி இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். அவர் பெயர் ஜேம்ஸ் காசில். அமெரிக்காவின் வடமேற்கில் மலைகளும் பண்ணைகளும் நிறைந்த ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்தவர். 1899இல் பிறந்து 1977இல் மறைந்தார்.

அவர் பிறவியிலேயே காது கேளாதவர். படத்தைக் காட்ட வழியில்லாத வானொலியில் ஓவியத்தைப் பற்றிப் பேசுவதே சற்றுச் சங்கடமான வேலை. அதிலும் ஒலி எதையுமே கேட்டறியாத ஒருவரின் கதையை ஒலியாகவே உங்களிடம் சேர்க்க வேண்டியிருப்பது எனக்கு விந்தையாகத்தான் இருக்கிறது.

கார்டன் வேலி என்ற சிற்றூரில் காசிலின் பெற்றோர் பண்ணை வைத்திருந்தார்கள். ஊருக்கான அஞ்சலகமும் பலசரக்குக் கடையும் அவர்களுடைய வீட்டிலேயே இயங்கின. தாயார் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தவர். ஏழு குழந்தைகளுள் ஐந்தாமவர் ஜேம்ஸ். வீட்டுக்குள்ளேயே அஞ்சலகம் இருந்ததைச் சின்னச் செய்தியாக எண்ணிவிடக் கூடாது. கடித உறைகள், பொருள் விலைப்பட்டியல் புத்தகங்கள், பழைய படிவங்கள், சரக்கு வந்திறங்கும் அட்டைப்பெட்டிகள், கட்டவிழ்த்த சணல் கயிறுகள் என்று, மலைநாட்டுப் பண்ணைவீடு எதிலும் கிடைக்காத அளவுக்குக் காகிதமும் அட்டையும் அந்தச் சிறுவனின் கைக்கெட்டும் இடத்தில் குவிந்துகிடந்தன. அவற்றில் ஒருபுறம் அச்சடித்திருந்தாலும் மறுபுறம் வெறுமையாக இருக்குமல்லவா? அந்த மறுபுறங்களில்தான் அவருடைய ஓவிய வாழ்க்கை தொடங்கியது.

1910ஆம் ஆண்டு வாக்கில் கூடிங் என்ற ஊரில் இருந்த, காது கேளாதோர்க்கும் பார்வையற்றோர்க்குமான மாநிலப் பள்ளியில் அவரைச் சேர்த்தார்கள். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு வீடு திரும்பினார். எழுத்தோ, உதட்டசைவைப் படிக்கும் திறனோ, முறையான சைகை மொழியோ அவருக்குக் கைவரவில்லை என்பதே குடும்பத்தாரின் கூற்று. அந்தக் கூற்றை எவ்வளவு தூரம் ஏற்கலாம் என்பதில் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. ஏனென்று பின்னால் சொல்கிறேன். ஆனால் ஓவியத்தை யாரும் அவருக்குக் கற்பித்ததில்லை என்பது உறுதி.

முதலில் அவர் கையாண்ட பொருள்களைப் பார்ப்போம். விறகடுப்பிலிருந்து கரியைச் சுரண்டி எடுப்பார். அதில் எச்சிலைக் கலந்து குழைப்பார். கூராக்கிய குச்சியைத் தோய்த்துக் கோடு இழுப்பார். பரந்த நிழலுக்குத் துணியையோ பஞ்சையோ உருட்டி ஒத்தி எடுப்பார். வண்ணம் தேவைப்பட்டால் அலங்காரத்துக்குத் தொங்கவிடும் சுருக்கத்தாளை நனைத்துச் சாயத்தை இறக்கிக்கொள்வார். நம் வீடுகளில் வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் போன்ற சலவை நீலமும் அவருக்கு வண்ணமாயிற்று. தீப்பெட்டி, ஐஸ்கிரீம் டப்பா, சிகரெட் பெட்டி, பிரித்த கடித உறை ஆகியவை வரைதளங்கள். பல படைப்புகள் உள்ளங்கைக்குள் அடங்கும். பெரியவை என்று சொல்லத்தக்கவையும் பள்ளி நோட்டுப் புத்தகத்தை விட அதிகம் பெரிதில்லை.

நான் ஓவியம் பழகியவன் என்பதால், இதைப் படித்தவுடன் கை அரிக்கத் தொடங்கிவிட்டது. உறவினர் வீட்டு விறகடுப்பில் வெந்நீர்த் தவலையின் அடியைச் சுரண்டி ஒரு கைப்பிடிக் கரி கொண்டுவந்தேன். கூச்சத்தின் காரணமாக முதலில் தண்ணீரைத்தான் கலந்தேன். கரி நீரில் கரையவே இல்லை. தண்ணீரின் மேல் தோல் போல மிதந்துகொண்டு, குச்சியால் குத்தினால் விலகி ஓடியது. புகைக்கரி எளிதில் நீரை ஏற்காது என்று படித்தது வேறு, அது கண்ணெதிரே அடம்பிடிப்பதைப் பார்ப்பது வேறு. பிறகு வேறு வழியின்றி, கதவைச் சாத்திக்கொண்டு, காசில் செய்ததையே செய்தேன். எச்சிலில் இருக்கும் வழவழப்பான புரதம் கரித்துகளைச் சூழ்ந்து ஈரத்தை ஏற்கச் செய்கிறது. காய்ந்தபின் தாளோடு ஓரளவு பிடித்துவைக்கவும் செய்கிறது. நம்மவர்கள் விளக்குக்கரியில் கருவேலம் பிசினைக் கலந்து மை கூட்டியதற்கும் இதுவே காரணம்: கரிக்கு நிறம் மட்டுமே உண்டு, பிடிப்பை வேறொன்று தர வேண்டும். அந்தப் பிடிப்பைத் தரும் பொருளைக் காசில் தன் வாயிலேயே வைத்திருந்தார்.

இன்னொன்றையும் அன்றைக்குக் கவனித்தேன். விளக்குத் திரியில் படியும் கரி கன்னங்கரேலென்று இருக்கும். விறகடுப்புக் கரியிலோ மரத்தின் தாரும் கலந்திருப்பதால், மெல்லப் பூசினால் பழுப்புத் தேன்நிறமும் அடர்த்தியாகப் பூசினால் கருமையும் வருகின்றன. ஐரோப்பிய ஓவியர்கள் விறகுக்கரியைக் காய்ச்சி வடித்து, பிஸ்டர் என்ற பழுப்பு மையாக நூற்றாண்டுக்கணக்கில் பயன்படுத்தியது இந்தக் குணத்துக்காகத்தான். காசிலின் படங்களில் ஒரு பழைய அறைக்குள் மாலை வெயில் சாய்வது போன்ற வெதுவெதுப்பு தெரிவதற்கும் மூலம் அடுப்புதான்.

வசதியில்லாததால் கரியை எடுத்தார் என்று இரங்குகிறவர்கள் உண்டு. அந்த இரக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. குடும்பத்தார் அவருக்குக் கடையில் விற்கும் ஓவியப் பொருள்களை வாங்கித் தந்திருக்கிறார்கள். அவர் அவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்துவிட்டுத் தன் கரிக்கே திரும்பினார். பல ஆண்டுகள் பழகி, எந்த விறகின் கரி எப்படி நிழல் தரும், எந்த அட்டை எவ்வளவு ஈரம் குடிக்கும், எந்த உறையில் கோடு கசியும் என்று விரல்நுனியில் அறிந்துவைத்திருந்த ஒருவருக்கு, புதிதாக வந்த வண்ணப்பெட்டி எதற்கு? தானாகக் கற்றவர் என்று இத்தகைய கலைஞர்களைப் பற்றிச் சொல்லும்போது, ஆசிரியர் இல்லாத குறையையே நாம் நினைக்கிறோம். காசிலுக்கு ஆசிரியர் இருக்கத்தான் செய்தது. அது அவர் கையிலிருந்த பொருள். மழமழப்பான தாள் மையைத் தள்ளியது, சொரசொரப்பான அட்டை குடித்தது, அவர் அதற்கேற்பக் கையை மாற்றினார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பாடம் நடந்தது.

என்ன வரைந்தார்? பெரும்பாலும் தான் வாழ்ந்த இடங்களை. களஞ்சியம், வேலி, கோழிக்கொட்டகை, அடுப்பு இருக்கும் அறை, படுக்கை, திறந்த கதவு. தொலைவு செல்லச் செல்லக் கோடுகள் குறுகிச் சேரும் காட்சிமுறையை ஓவியப் பள்ளிகள் அளவுகோலும் கையுமாகக் கற்பிக்கின்றன. இவர் அதைக் கண்ணாலேயே பிடித்திருக்கிறார். தரைப்பலகைகள் சுவரை நோக்கி ஒடுங்கிச் செல்வதும், உத்தரங்களுக்கு இடையில் இருட்டு தேங்கி நிற்பதும் துல்லியமாக இருக்கும். குடும்பம் கார்டன் வேலியை விட்டு, ஸ்டார் என்ற ஊரில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1930களின் தொடக்கத்தில் பாய்ஸி நகரின் ஓரத்தில் ஒரு சிறு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. அதன்பின் பல ஆண்டுகள் கழித்தும் பழைய ஊரின் வீட்டையும் கொட்டகையையும் நினைவிலிருந்தே வரைந்துகொண்டிருந்தார். சில படங்களில் மாடியறையின் சுவர் நெடுகச் சிறு சிறு படங்கள் வரிசையாக நிற்கின்றன. அவை அவருடைய படங்களே. யாரும் பார்க்க வராத தன் கண்காட்சியைத் தானே அமைத்து, அதையும் ஒரு படமாக வரைந்துவைத்திருக்கிறார்.

கரிப்படங்களைவிட என்னை அதிகம் ஈர்ப்பவை அவர் அட்டையில் கட்டிய உருவங்கள். கட்டிய என்ற சொல்லை அறிந்தே சொல்கிறேன். வாத்து, கோழி, மேலங்கி, கதவு, நாற்காலி, மனிதர் ஆகியவற்றை அட்டைத் துண்டுகளாக வெட்டி அடுக்கி, துளையிட்டு, நூலாலும் சணலாலும் நாடாவாலும் தைத்து முடிந்திருக்கிறார். ஒரு பறவையை எடுத்துக்கொண்டால், உடலுக்கு ஒரு பெட்டியின் பக்கம், இறக்கைக்கு அதன்மேல் இன்னொரு துண்டு, இரண்டையும் பிடித்துக்கொள்ளச் சணல் தையல். அந்தத் தையலே இறகின் வரியாகவும் தெரியும். மேலங்கி என்றால் உடம்பு இல்லாமல் அங்கி மட்டும், உடுத்தவர் கழற்றி மாட்டிவிட்டுப் போனதைப் போல, விறைப்பாக நிற்கும். மூடை தைக்கிறவர் எங்கே இழுத்து முடிய வேண்டும் என்று அறிந்திருப்பதைப் போன்ற உறுதி அந்த முடிச்சுகளில் இருக்கிறது. கலப்பு ஊடகம் என்று இன்று நாம் பெரிய பெயர் சூட்டி அழைக்கும் முறை இதுதான்.

அவர் புத்தகங்களும் செய்தார். தீப்பெட்டிக்குள் அடங்கும் அளவில் தொடங்கி, பழைய அட்டைகளை மேலுறையாக வைத்துத் தைத்த பலவகைப் புத்தகங்கள் உள்ளன. உள்ளே கட்டம் கட்டமாக முகங்கள், நாட்காட்டியைப் போன்ற பக்கங்கள், எழுத்தைப் போல் தோன்றும் குறிகள், சில இடங்களில் உண்மையான ஆங்கில எழுத்துகள். படிக்கத் தெரியாதவர் என்று குடும்பத்தார் சொன்னதை ஏற்பதில் எனக்குள்ள தயக்கம் இங்கேதான் பிறக்கிறது. ஒரு புத்தகத்துக்கு அட்டை வேண்டும், பக்கத்துக்கு ஓரம் விட வேண்டும், படத்தின் கீழே ஒரு வரி வர வேண்டும் என்ற இலக்கணம் முழுவதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எழுத்தின் பொருள் அவருக்கு எட்டியதோ இல்லையோ, அதன் தோற்றத்தை அவரளவுக்கு உற்றுப் பார்த்தவர்கள் குறைவு.

1950ஆம் ஆண்டு வாக்கில், போர்ட்லண்ட் நகரில் ஓவியம் பயின்றுகொண்டிருந்த அவருடைய சகோதரி மகன் ஒருவர், மாமாவின் படங்களைக் கொண்டுபோய்த் தன் ஆசிரியர்களிடம் காட்டினார். அதன் பின் அமெரிக்க வடமேற்குப் பகுதியில் கண்காட்சிகள் நடந்தன. 1963இல் பாய்ஸி கலைக்கூடத்திலும் நடந்தது. படங்கள் விற்ற பணத்தில் அவருக்கென்று ஒரு சக்கர வீடு வாங்கினார்கள். அதற்குமுன் பண்ணையின் ஒரு கொட்டகைதான் அவருடைய பட்டறை. புகழ் வந்தபின் வரைதலில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. அதே கரி, அதே குச்சி. 1977இல் அவர் இறந்தபின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் படைப்புகள் குடும்பத்தின் பாதுகாப்பிலேயே முடங்கியிருந்து, 1990களின் பிற்பகுதியில் மீண்டும் வெளிவந்தன. 2008இல் பிலடெல்பியா கலை அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் பணியைத் திரட்டிப் பெரிய கண்காட்சியாக வைத்தது. 2013இல் வெனிஸ் ஈராண்டுக் கண்காட்சியிலும் அவர் இடம்பெற்றார். அதே ஆண்டில் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் 54 படைப்புகளைத் தன் சேகரிப்பில் சேர்த்தது.

அருங்காட்சியகங்களுக்கு அவர் ஒரு தலைவலியையும் விட்டுச்சென்றிருக்கிறார். எந்தப் படத்திலும் தலைப்பு இல்லை, தேதி இல்லை. ஆகவே எல்லாவற்றின் கீழும் தலைப்பில்லாதது என்றே எழுதி, அடையாளத்துக்காக, வாத்து, கதவு, நீல மேலங்கி என்று ஏதேனும் ஒரு சொல்லைச் சேர்க்கிறார்கள். அட்டையின் பின்புறத்தில் அச்சாகியிருக்கும் வணிகப் பெயரோ அஞ்சல் முத்திரையோ ஓரளவு உதவும். ஆனால் முத்திரையில் 1931 என்று இருந்தால், அதற்கு முன் வரைந்திருக்க முடியாது என்பது மட்டுமே உறுதி. அந்த உறையை இருபது ஆண்டு பத்திரப்படுத்தி வைத்திருந்து 1951இல் வரைந்திருக்கலாம். பழைய காகிதத்தைச் சேர்த்துவைக்கும் பழக்கம் உள்ளவரிடம் காகிதத்தின் வயதை வைத்துப் படத்தின் வயதைக் கணக்கிட இயலாது.

வெளியாள் கலைஞர் என்ற பெட்டியில் அவரை அடைப்பதும் உண்டு. எதற்கு வெளியே என்று கேட்டால், கலைச்சந்தைக்கு வெளியே என்பதைத் தவிர வேறு நேரான விடை கிடைப்பதில்லை. தன் வீட்டுக்கும் அடுப்புக்கும் பண்ணைக்கும் அவரைப்போல் உள்ளே இருந்தவர் வேறு யார்?

வரைந்து முடித்தவற்றை அவர் அடுக்கி, துணியில் சுற்றி, கயிற்றால் கட்டி மூட்டையாக்குவார். மூட்டைகளைக் கொட்டகையிலும் களஞ்சியத்திலும் சுவர் இடுக்குகளிலும் செருகிவைப்பார். பாய்ஸியில் அவர் வாழ்ந்த வீட்டை நகராட்சி வாங்கிச் சீரமைத்து 2018இல் பொதுமக்களுக்குத் திறந்தது. அந்தச் சீரமைப்பின்போது சுவரின் உட்புறத்திலிருந்தும் சில படைப்புகள் வெளிப்பட்டன. கட்டடத் தொழிலாளிகள் பழைய பலகைகளைப் பெயர்த்தபோது, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒருவர் வைத்த இடத்திலேயே, புழுதியோடு புழுதியாக அவை இருந்தன.

வணக்கம்.