மயாமி அலைவரிசையிலிருந்து பாட்காஸ்டுக்கு: டான் லெ பட்டார்ட் நிகழ்ச்சியின் வரலாறு

[திரையில்: நியூயார்க், 1987]

விளையாட்டைப் பற்றிப் பேசுவதற்கென்றே 24 மணி நேரமும் ஒரு வானொலி நிலையத்தை நடத்த முடியும் என்று 1987 ஜூலை 1 அன்று நியூயார்க்கில் தொடங்கப்பட்ட டபிள்யூஎஃப்ஏஎன் நிலையம் காட்டியது. பாடல்களுக்கு உரிமத்தொகை கட்ட வேண்டியதில்லை. ஆட்டத்தை நேரலையில் ஒலிபரப்பும் உரிமையும் கட்டாயமில்லை. நேற்றைய தோல்வியால் கொதித்துப்போன நேயர்கள் தாங்களாகவே தொலைபேசியில் அழைத்துப் பாதி நேரத்தை நிரப்பிவிடுவார்கள். இவ்வளவு குறைந்த செலவில் நடக்கக்கூடிய தொழில் வேகமாகப் பரவியதில் வியப்பில்லை. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் பெருநகரங்களில் இத்தகைய நிலையங்கள் முளைத்தன.

[திரையில்: மயாமி, 2004]

மயாமியில் 790 தி டிக்கெட் என்ற நிலையத்தில் 2004ஆம் ஆண்டு டான் லெ பட்டார்ட் நிகழ்ச்சி தொடங்கியது. கியூபாவிலிருந்து வெளியேறி வந்த பெற்றோருக்குப் பிறந்த லெ பட்டார்ட், மயாமி ஹெரால்ட் நாளிதழில் நெடுங்காலம் பத்தி எழுதி வந்தவர். அவருடன் அமர்ந்தவர் ஜான் வைனர். நேயர்கள் அவரை ஸ்டூகாட்ஸ் என்ற புனைபெயரில்தான் அறிவார்கள். அந்த நிலையத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். இணையத்தில் பெற்று விரும்பிய நேரத்தில் கேட்கும் ஒலிநிகழ்ச்சிக்குப் பாட்காஸ்ட் என்ற பெயரே அச்சில் முதன்முதலாக வந்தது அதே 2004இல்தான். மறு ஆண்டு ஜூனில் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் மென்பொருளில் பாட்காஸ்ட்டுகளுக்கு இடம் கொடுத்தது. நிகழ்ச்சியும் அது பிற்காலத்தில் குடிபுகவிருந்த ஊடகமும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை.

வானொலியிலிருந்து பாட்காஸ்ட்டுக்கான இந்த இடமாற்றம் ஏன் நிகழ்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள, வானொலியின் கடிகாரத்தை முதலில் பார்க்க வேண்டும்.

[திரையில்: ஒரு மணி நேரம் நான்கு கால்மணிகளாகப் பிரிக்கப்பட்ட வட்டம்]

அமெரிக்க வானொலியில் நேயர் எண்ணிக்கை கால்மணிக் கணக்கில் அளக்கப்படுகிறது. அக்காலத்தில் ஒரு கால்மணிக்குள் ஐந்து நிமிடங்கள் கேட்டாலே, அந்த நேயர் அந்தக் கால்மணி முழுவதற்கும் கணக்கில் சேர்க்கப்பட்டார். எனவே, விளம்பர இடைவேளைக்கு முன் ஒரு தூண்டில் போட்டு, இடைவேளைக்குப் பிறகும் அவரை இன்னும் ஐந்து நிமிடம் இருத்திவைப்பதே தொகுப்பாளரின் கைத்திறனாகக் கருதப்பட்டது. இதன் பின்னால் ஓர் அனுமானமும் இருந்தது. காரில் ஏறி, பத்து நிமிடம் கேட்டு, இறங்கிப் போகிறவரே வானொலியின் நேயர். அவருக்கு நேற்று என்ன பேசப்பட்டது என்று தெரியாது. ஆகவே பெரிய அணி, பெரிய வீரர், சூடான விவாதம் ஆகியவற்றை அரை மணிக்கு ஒருமுறை புதிதாகத் தொடங்கியாக வேண்டும். தேசிய அளவில் ஒலிபரப்பாகும் நிகழ்ச்சி என்றால் கட்டுப்பாடு இன்னும் இறுகும். பல ஊர்களின் நிலையங்கள் ஒரே நொடியில் தத்தம் விளம்பரங்களுக்குப் பிரிந்து செல்வதால், வாக்கியம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் பேச்சு நின்றுவிட வேண்டும்.

லெ பட்டார்ட் நிகழ்ச்சி இந்த இலக்கணத்துக்கு நேர் எதிராக வளர்ந்தது. அங்கே ஒரு நகைச்சுவை பிறந்தால் அது மாதக்கணக்கில் நீளும். முதல் நாளைக் கேட்காதவருக்கு இன்றைய சிரிப்பு விளங்காது. ஆட்டங்களை ஒழுங்காகப் பார்க்காமலேயே அடித்துச் சொல்லும் வாய்ச்சவடால் ரசிகராக ஸ்டூகாட்ஸ் நடிப்பார். அது எவ்வளவு நடிப்பு என்பது இன்றுவரை விவாதத்துக்குரியது. கட்டுப்பாட்டறையில் இருந்த தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவராக மைக்குக்கு வந்து, நிகழ்ச்சியின் பாத்திரங்களாகவே மாறினார்கள். விளையாட்டைப் பற்றிப் பேசுங்கள் என்று எரிச்சலுடன் முறையிட்டவர்களுக்கு, உங்களுக்கு இந்த நிகழ்ச்சி புரியவில்லை என்பதே வழக்கமான பதிலாயிற்று. வானொலிக் கணக்குப்படி இது தற்கொலைக்குச் சமம். தொடக்கம் முதல் இறுதி வரை வரிசையாகக் கேட்கும் பாட்காஸ்ட் நேயருக்கோ, இதுவே தினமும் திரும்பி வருவதற்கான காரணம். நிகழ்ச்சி வானொலியை விட்டு வெளியேறியது 2021இல்தான் என்றாலும், அதன் உள்ளமைப்பு அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பாட்காஸ்ட்டாகிவிட்டது என்பது என் கருத்து.

[திரையில்: 2013–2020]

2013 செப்டம்பர் இறுதியில், அமெரிக்காவின் பெரிய விளையாட்டு ஊடக நிறுவனமான இஎஸ்பிஎன்னின் வானொலி இந்நிகழ்ச்சியை நாடு முழுவதற்கும் கொண்டு சென்றது. அதற்கு முன்பே, 2011இல், லெ பட்டார்ட் தன் தந்தையுடன் சேர்ந்து இஎஸ்பிஎன் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி நடத்தத் தொடங்கியிருந்தார். 2015இல் இஎஸ்பிஎன் வானொலியின் தொகுப்பாளர் காலின் கவ்ஹெர்ட் ஃபாக்ஸ் நிறுவனத்துக்குப் போனதும், அவர் விட்டுச்சென்ற காலை நேரம் இவர்களுக்குக் கிடைத்தது.

உறவு சுமுகமாக மட்டும் இருக்கவில்லை. 2014இல் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் மயாமியை விட்டுச் சொந்த மாநிலமான ஒஹையோவுக்குத் திரும்பியபோது, அவர் பிறந்த ஆக்ரன் நகரில் மயாமியின் பெயரால் அவரைச் சீண்டும் விளம்பரப் பலகையை லெ பட்டார்ட் வைத்தார். நிறுவனம் அவரை இரண்டு நாள் இடைநீக்கம் செய்தது. அது குறும்பு. 2019 ஜூலையில் நடந்தது வேறு வகை. அதிபர் டிரம்ப்பின் கூட்டத்தில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பெண் உறுப்பினர் ஒருவருக்கு எதிராக, அவளைத் திருப்பி அனுப்பு என்ற முழக்கம் எழுந்ததை அவர் நேரலையில் வன்மையாகக் கண்டித்தார். அரசியலைத் தவிர்க்கச் சொல்லும் இஎஸ்பிஎன்னின் கொள்கையையும் அதே மூச்சில் சாடினார். புலம்பெயர்ந்தோரின் மகனிடமிருந்து வேறெதை எதிர்பார்க்க முடியும்?

2020 ஆகஸ்டில் நிகழ்ச்சியின் வானொலி நேரம் இரண்டு மணியாகக் குறைக்கப்பட்டது. நவம்பரில் இஎஸ்பிஎன் சுமார் 300 பேரைப் பணிநீக்கம் செய்தபோது, அவர்களில் இந்த நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் ஒருவரும் இருந்தார். தனக்கு முன்கூட்டித் தெரிவிக்காமல் நடந்த இச்செயலைப் பெரும் அவமதிப்பாக எடுத்துக்கொண்ட லெ பட்டார்ட், அவரைத் தன் சொந்தப் பணத்தில் ஊதிய உயர்வுடன் மீண்டும் சேர்த்துக்கொண்டார். 2021 ஜனவரி 4 அன்று இஎஸ்பிஎன் வானொலியில் கடைசி நிகழ்ச்சி ஒலித்தது.

[திரையில்: 2021]

அடுத்து நடந்ததுதான் இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்க பகுதி. 2012 முதல் 2017 வரை இஎஸ்பிஎன்னின் தலைவராக இருந்த ஜான் ஸ்கிப்பரும் லெ பட்டார்டும் சேர்ந்து மெடோலார்க் மீடியா என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். அதே ஆண்டு ஏப்ரலில், நிகழ்ச்சியை வினியோகிக்கும் உரிமைக்காக விளையாட்டுப் பந்தய நிறுவனமான டிராஃப்ட்கிங்ஸ் மூன்றாண்டுக்குக் குறைந்தது 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. ஒரு பாட்காஸ்ட்டுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்தைப் பெரும்பாலான மாநிலங்களில் முடக்கிவைத்திருந்த கூட்டாட்சிச் சட்டத்தை ரத்து செய்தது. மாநிலம் மாநிலமாகப் பந்தயம் சட்டபூர்வமாகத் திறந்துவிடப்பட, டிராஃப்ட்கிங்ஸ், ஃபேன்டூயல் போன்ற நிறுவனங்கள் வாடிக்கையாளரைத் தேடி ஓடின. தினமும் மணிக்கணக்கில் விளையாட்டுப் பேச்சைக் கேட்பவரைவிடப் பொருத்தமான வாடிக்கையாளர் அவற்றுக்கு யார்?

ஆகவே, சுதந்திரம் இலவசமாகக் கிடைக்கவில்லை. அரசியல் பேசாதே என்று சொல்லும் மேலதிகாரி போய்விட்டார். அவருக்குப் பதிலாக, நேயரின் பணத்தை ஆட்ட முடிவுகளில் வைக்கச் சொல்லும் விளம்பரதாரர் வந்து சேர்ந்தார். சமூக நீதி பேசும் ஒரு நிகழ்ச்சி சூதாட்ட நிறுவனத்தின் பணத்தில் நடந்ததிலுள்ள முரண் சிறியதன்று.

பணத்தைவிட நிலைத்த மாற்றம் உடைமையில் நேர்ந்தது. 790 தி டிக்கெட்டிலும் இஎஸ்பிஎன்னிலும் லெ பட்டார்ட் சம்பளம் வாங்கும் குரல். 2021க்குப் பின் நிகழ்ச்சி அவர் பங்குதாரராக உள்ள நிறுவனத்தின் சொத்து. இதே ஏற்பாட்டுக்கு இஎஸ்பிஎன்னும் வந்து சேர்ந்தது. முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் பாட் மெக்காஃபி யூடியூபில் வளர்த்தெடுத்த பேச்சு நிகழ்ச்சியை 2023 செப்டம்பர் முதல் அது ஒளிபரப்பி வருகிறது. ஆனால் நிகழ்ச்சியின் உரிமையாளர் மெக்காஃபிதான், இஎஸ்பிஎன் உரிமக் கட்டணம் செலுத்துகிறது.